கோலைச் சுருக்கினால் என்ன மாறும்? புதர் மூடிய ஓடையில் நீளம் மாற்றும் டென்காரா கோல்

"சின்ன ஓடைக்குச் சின்னக் கோல்." ரீல் இல்லாத ஜப்பானியத் தூண்டில் முறையான டென்காராவைப் பழக வருகிறவர்கள் காதில் முதலில் விழும் அறிவுரை இது. அடுத்தது, "நீளம் மாற்றும் கோல் ஒன்று வாங்கிவிட்டால் எந்த ஓடைக்கும் அதுவே போதும்" என்பது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் ஏன் என்று யாரும் விளக்குவதில்லை. அதனால் புதிதாக வருகிறவர், கோலை நீட்டினால் தூரமாக வீசலாம், சுருக்கினால் பக்கத்தில் வீசலாம் என்று எடுத்துக்கொள்கிறார். ஓடையில் இறங்கிய அரை மணி நேரத்தில் தூண்டில் நரம்பு கிளையில் சுற்றிக்கொள்கிறது, கோலின் நுனி முறிகிறது, பழி கோலின்மேல் விழுகிறது.

நீளம் மாற்றும் கோல் முக்கியமாகத் தருவது தூரம் அல்ல, உயரம். நுனி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, கிளைக்கும் தண்ணீருக்கும் நடுவே அதற்கு இடம் இருக்கிறதா என்பதைத்தான் நாம் மாற்றுகிறோம். இது பிடிபட்டுவிட்டால் நரம்பின் நீளம், வீச்சு, மீனைக் கைக்குக் கொண்டுவருவது எல்லாம் இதிலிருந்தே வந்துவிடும்.

டென்காரா: மூன்றே பொருள்

டென்காரா ஜப்பானின் மலை ஓடைகளில் பிறந்த தூண்டில் முறை. அங்கே இவானா, யமமே, அமகோ என்ற மீன்களைப் பிடிக்க இது உருவானது. மூன்றுமே ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனுக்கு நெருங்கிய உறவு. ஒரு காலத்தில் மூங்கில் கோல், இன்று கார்பன் நாரில் செய்த குழல்கள். 2009இல் டென்காரா யூஎஸ்ஏ நிறுவனம் அமெரிக்காவில் இந்தக் கோல்களை விற்கத் தொடங்கிய பிறகு ஜப்பானுக்கு வெளியேயும் இது பரவியது.

இதில் ரீல், அதாவது நரம்பைச் சுற்றி வைக்கும் சக்கரம், கிடையாது. கோல், நரம்பு, கெபாரி மூன்றுதான். கெபாரி என்பது முள்ளின்மேல் நூலும் இறகும் சுற்றிச் செய்த செயற்கைப் பூச்சி. நரம்பின் ஒரு முனை கோலின் நுனியிலேயே கட்டப்பட்டிருக்கும். நுனியில் ஒட்டியிருக்கும் சிறு பின்னல் கயிற்றுக்கு லிலியன் என்று பெயர், நரம்பு அதில்தான் முடிச்சிடப்படுகிறது. நரம்பின் மறுமுனையில் டிப்பெட் எனப்படும் மெல்லிய, கண்ணுக்குத் தெரியாத இழை. அதன் முனையில் கெபாரி.

ரீல் இல்லாததால் நரம்பின் நீளம் நின்ற இடத்தில் மாறாது. கொஞ்சம் விட்டுக் கொடுக்கவோ, சுற்றி இழுக்கவோ முடியாது. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கோலின் நீளத்தை மாற்றும்போதெல்லாம் நரம்பு மட்டும் அப்படியே இருக்கிறது என்பதில்தான் பாதிச் சிக்கலும் பாதித் தீர்வும் இருக்கின்றன.

கோல் எப்படி நீள்கிறது, எங்கே பிடித்துக்கொள்கிறது

எல்லா டென்காரா கோலுமே ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் குழல்கள்தான். பழைய ரேடியோப் பெட்டியின் ஏரியலைப் போல இழுத்தால் நீளும். ஆனால் ஒப்புமை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஏரியலை எந்த இடத்தில் விட்டாலும் நிற்கும். கோலின் குழல் அப்படி நிற்காது, ஏனென்றால் அது சமச்சீரான உருளை அல்ல. அடி தடித்தும் மேல் மெலிந்தும் இருக்கும். உள்குழலின் அடி, வெளிக்குழலின் வாயைவிடச் சற்றுப் பெரியது. கடைசிவரை இழுக்கும்போது அந்த அடி வாயில் போய் இறுகிக்கொள்கிறது. பசை இல்லை, திருகு இல்லை, உராய்வு மட்டும்தான்.

இதனால்தான் சாதாரணக் கோலைப் பாதி மடக்கி வைத்துக்கொண்டு தூண்டில் போடக் கூடாது. பாதியில் நிற்கும் குழல் இறுகியிருக்காது. கோல் வளையும்போது அதன் பக்கச்சுவர், வெளிக்குழலின் விளிம்பில் ஒரே புள்ளியில் அழுந்தும். கார்பன் சுவர் மிக மெல்லியது. நீளவாக்கில் வரும் இழுவையை அது நன்றாகத் தாங்கும், ஓரிடத்தில் விழும் அழுத்தத்தைத் தாங்காது. முதல் மீனிலேயே கீறல் விழலாம். அன்று கண்ணில் படாத கீறல் இன்னொரு நாள் முறிவாக வெளிப்படும்.

நீளம் மாற்றும் கோலை ஜூம் கோல் என்பார்கள். அதில் அடியிலுள்ள ஒன்றோ இரண்டோ குழல்கள் மட்டும், உள்ளே தள்ளிய நிலையிலும் இறுகி நிற்கும்படி செய்யப்பட்டிருக்கும். அந்த ஏற்பாடு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். பொதுவானது ஒன்று: ஒரு குழல் உள்ளே போனால் இரண்டு நிலை, இரண்டு குழல் போனால் மூன்று நிலை. நடுவே வேறு நிலையே இல்லை. டென்காரா யூஎஸ்ஏயின் ரோடோ கோலுக்கு 269, 297, 320 செ.மீ. என மூன்று நிலைகள். அதே நிறுவனத்தின் சாட்டோவுக்கு 325, 361, 389 செ.மீ. டிராகன்டெயில் நிறுவனத்தின் மிசூச்சிக்கு 240, 290, 340. புதர் ஓடைக்குக் கோல் தேடுகிறவர்கள் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் கடைசி எண்ணைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது முதல் எண்ணை. குட்டை நிலை 270க்கு மேல் போனால் அடர்ந்த ஓடைக்கு அது ஜூம் கோலாக இருந்தும் பயனில்லை.

இதுவரை: ரீல் இல்லை, நரம்பு மாறாது. கோல் குறிப்பிட்ட இரண்டு அல்லது மூன்று நீளங்களில் மட்டும் நிற்கும். நடுவில் நிறுத்தினால் உடையும்.

ஒரு மீட்டர் நீட்டினால் எவ்வளவு எட்டும்?

கணக்காகவே பார்த்துவிடலாம். 240, 290, 340 என மூன்று நிலை உள்ள கோல். நரம்பும் டிப்பெட்டும் சேர்த்து 260 செ.மீ. கோல் பிடித்த கை தண்ணீருக்கு மேல் 120 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, கோலைக் கிடைமட்டத்திலிருந்து 20 டிகிரி உயர்த்திப் பிடித்திருக்கிறீர்கள். நரம்பு தொய்யாமல் நேராக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், குட்டை நிலையில் கெபாரி கையிலிருந்து சுமார் 390 செ.மீ. தள்ளி விழும். முழு நீளத்தில் சுமார் 430 செ.மீ. கோல் நீண்டது ஒரு மீட்டர், எட்டும் தூரம் கூடியதோ 40 செ.மீ.க்கும் குறைவு.

மீதி எங்கே போயிற்று? நுனி உயர்ந்துவிட்டது. குட்டை நிலையில் நுனி தண்ணீருக்கு மேல் 2 மீட்டரில் இருந்தது, நீள நிலையில் 2.36 மீட்டர். நுனி உயர உயர நரம்பு செங்குத்தாக இறங்குகிறது, முன்னால் போவது குறைகிறது.

இப்போது மண்டியிடுங்கள். கை 80 செ.மீ. உயரத்துக்கு இறங்குகிறது. அதே 20 டிகிரி, அதே நரம்பு. குட்டை நிலையிலேயே 429 செ.மீ. எட்டுகிறது. நின்றபடி கோலை ஒரு மீட்டர் நீட்டிப் பெற்ற அதே தூரம், கோலைத் தொடாமலே கிடைத்துவிட்டது. கூடவே, மீனின் கண்ணிலிருந்தும் கிளையின் கையிலிருந்தும் தப்பிக்கிறீர்கள். நிஜத்தில் நரம்பு கொஞ்சம் தொய்யும், எண்கள் சற்றுக் குறையும். ஒப்பீடு மாறாது.

அப்படியானால் நீட்டுவது எதற்கு? அந்தச் செங்குத்துக்காகத்தான். ஓடையில் ஒரே அகலத்துக்குள் மூன்று நான்கு வேகங்களில் தண்ணீர் ஓடும். உங்கள் காலருகே வேகம், அதற்கு அப்பால் பாறை மறைவில் மெதுவான நீர், ட்ரவுட் நிற்பது அந்த மெதுவான நீரில். நரம்பு சாய்ந்து வேகநீரின்மேல் படுத்தால், கெபாரியைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஓடும். இதற்கு இழுப்பு என்று பெயர். இழுபட்டு ஓடும் பூச்சியை ட்ரவுட் பெரும்பாலும் நம்பாது. நுனி உயரமாக இருந்தால் நரம்பு முழுவதும் காற்றில் நிற்கும், டிப்பெட்டின் கடைசி ஒரு சாண் மட்டும் தண்ணீரைத் தொடும், கெபாரி பாறை மறைவிலேயே தங்கும். டென்காராவின் பலமே இதுதான். ஆக, நீளம் என்பது குறுக்கே ஓடும் நீரைத் தாண்டிப் பிடிக்கும் உயரம். மேலே கிளை இல்லாத இடத்தில் அந்த உயரத்தை எடுத்துக்கொள்ளலாம், கிளை இருந்தால் விட்டுக்கொடுக்க வேண்டும்.

நரம்பைக் குட்டை நிலைக்கு வெட்டுங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் பிசகுவது இங்கேதான். கோலின் முழு நீளத்துக்கு ஏற்ற நரம்பைக் கட்டிக்கொண்டு ஓடைக்குப் போவார்கள். திறந்த நீரில் எல்லாம் சரியாக இருக்கும். கிளைகள் தாழ்ந்ததும் கோலை 240க்குச் சுருக்குவார்கள். 340க்கு மேல் இருக்கும் நரம்பு அப்படியே இருக்கும். கோலைவிட ஒரு மீட்டர் நீண்ட நரம்பு, நான்கு பக்கமும் புதர். பின்வீச்சு எங்காவது மாட்டும். தப்பித்து மீன் கடித்தாலும், அது கைக்கு எட்டாமல் ஒரு மீட்டர் கீழே தொங்கும். நரம்பைக் கையால் இழுத்துச் சேர்ப்பதற்குள் அது வேருக்கடியில் போய்விடும்.

அதனால் விதி இது: நரம்பும் டிப்பெட்டும் சேர்ந்த நீளம், கோலின் மிகக் குட்டை நிலையைவிட 20 செ.மீ.க்கு மேல் கூடக் கூடாது. 240 செ.மீ. கோலுக்கு 190 செ.மீ. நரம்பு, 70 செ.மீ. டிப்பெட், ஆக 260. கெபாரி மாற்றும்போதெல்லாம் டிப்பெட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். 45 செ.மீ.க்குக் கீழே போனால் புதிது கட்டுங்கள்.

நரம்பின் வகையும் முக்கியம். ஆரம்பத்துக்கு ஒரே தடிமன் கொண்ட ஃப்ளோரோகார்பன் நரம்பே போதும், இதை லெவல் லைன் என்பார்கள். ஜப்பானிய எண்ணில் 3 என்றால் விட்டம் சுமார் 0.285 மி.மீ., 4 என்றால் 0.33 மி.மீ. திறந்த ஓடையில் நீண்ட நரம்புக்கு 3 நன்றாக இருக்கும். குட்டை நரம்புக்கு 3.5 அல்லது 4 எடுங்கள். காரணம் எளிது. டென்காராவில் வீசப்படுவது கெபாரியின் எடை அல்ல, நரம்பின் எடை. நரம்பு குட்டையானால் எடை குறைகிறது, கோல் வளைவதற்கு வேலை இல்லாமல் போகிறது, வீச்சு பாதியில் சுருண்டு விழுகிறது. தடிமன் கூட்டி அந்த எடையைத் திரும்பக் கொண்டுவருகிறோம். நிறம் பளிச்சென்று ஆரஞ்சோ மஞ்சளோ இருக்கட்டும். இலைநிழலில் உங்கள் கண்ணுக்கு அது தெரிய வேண்டும்.

டிப்பெட் 5எக்ஸ், அதாவது சுமார் 0.15 மி.மீ. இதைவிடத் தடித்தது வேண்டாம். சிக்கலில் முதலில் அறுபடுவது டிப்பெட்டாக இருக்க வேண்டும். பலமான டிப்பெட் கட்டினால் அறுபடுவதற்குப் பதில் கோலின் நுனி போய்விடும். கெபாரி 12 அல்லது 14ஆம் எண் முள்ளில், இறகு முன்பக்கம் சாய்ந்த வகை, ஒன்றிரண்டு நிறம் போதும். ஒரு நாள் முழுக்க அதே கெபாரியில் போடுகிறவர்கள் டென்காராவில் நிறைய.

வழியில் நடுநடுவே திறந்த மடுக்கள் வரும் ஓடையானால், இரு முனையிலும் வளையம் போட்ட 80 செ.மீ. நரம்புத்துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நரம்புக்கும் டிப்பெட்டுக்கும் நடுவில் சேர்த்தால் நீள நிலைக்குப் பொருந்தும் நரம்பு தயார். புதருக்குள் மறுபடி நுழையும்போது கழற்றிவிடலாம்.

எந்த நிலை, எப்போது

நிலையை முடிவு செய்ய முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை அல்ல, தலைக்கு மேலே. நின்றபடி கோலைச் செங்குத்தாக்கினால் 340 நிலையில் நுனி தண்ணீருக்கு மேல் 4.6 மீட்டரில் இருக்கும், 240 நிலையில் 3.6 மீட்டர். மண்டியிட்டால் 4.2, 3.2. அடுத்த முப்பது மீட்டர் தூரத்தில் மிகத் தாழ்ந்த கிளை எங்கே இருக்கிறது என்று கண்ணால் அளந்து, அதற்கு அரை மீட்டர் குறைவாக நுனி நிற்கும் நிலையைத் தேர்ந்தெடுங்கள். பிறகுதான் தண்ணீர்.

கூரை போல மூடிய இடத்தில் யோசிக்கவே வேண்டாம், குட்டை நிலை, மண்டியிட்ட உடம்பு. அமெரிக்காவின் தெற்கு அப்பலாச்சியன் மலைகளில் ரோடோடென்ட்ரான் புதர்கள் இரு கரையிலிருந்தும் சாய்ந்து ஓடையையே மூடியிருக்கும், உள்ளே புரூக் ட்ரவுட் இருக்கும். ரோடோ கோலின் பெயரே அந்தப் புதரிலிருந்து வந்ததுதான். அத்தகைய இடத்தில் நீள நிலைக்கு நாள் முழுக்க வேலையே வராமல் போகலாம்.

நடுநிலைதான் பலரும் மறக்கும் நிலை. ஓடை மூன்று மீட்டர் அகலம், கிளை தலைக்கு மேல் விரிந்திருக்கிறது, ஆனால் தாழ்ந்து தொங்கவில்லை என்றால் 290 அங்கே மிகச் சரி. நீள நிலை, சிறு அருவி விழும் மடு, பாறைகள் சிதறிய திறந்த நீர், அல்லது காலருகே வேகநீரும் அப்பால் அமைதியான நீரும் இருக்கும் இடத்துக்கு.

ஒவ்வொரு மடுவுக்கும் நீளத்தை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். பொருத்துகள் வீணாகத் தேயும், மீனுக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டிருப்பதும் ஆகும். ஓடையின் தன்மை மாறும் இடத்தில் மாற்றினால் போதும்.

மாற்றும் முறை: கெபாரியை நரம்புச்சுற்றியில் மாட்டுங்கள், அல்லது விரலில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கை கைப்பிடியில், மறு கை பொருத்துக்குச் சற்று மேலே. நேராக இழுங்கள், மெல்ல இறுகியதும் நிறுத்துங்கள். பலம் காட்டி இழுத்தால் பிறகு பிரியாது. சுருக்கும்போது இரு கையும் பொருத்துக்கு அருகில் இருக்கட்டும். தள்ளி நின்று தள்ளினால் குழல் நடுவில் வளைந்து விரிசல் விடும். மாற்றியதும் கோலை இலேசாக ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் ஒரு குழல் பூட்டவில்லை. அந்த நிலையில் ஒரு வீச்சுகூட வேண்டாம். மீன் மாட்டியிருக்கும்போது நிலையை மாற்றவே கூடாது.

சுருக்கமாக: கிளையின் உயரம் நிலையைத் தீர்மானிக்கிறது, குட்டை நிலை நரம்பைத் தீர்மானிக்கிறது, நீள நிலை குறுக்கே ஓடும் நீரை வெல்வதற்கு.

புதருக்குள் வீசுவது

கோல் 240, நரம்பு 260. பின்வீச்சு முழுதாக விரிந்தால் உங்களுக்குப் பின்னால் ஐந்து மீட்டர் வெற்றிடம் தேவை. பக்கவாட்டில் அது கிடைக்காது. கிடைக்கும் ஒரே இடம் ஓடையின் தடம். அதனால் ஓடையின் நடுவில், கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி நின்று, ஓடையின் நீளவாக்கிலேயே வீசுங்கள். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து மேல்நோக்கியே நிற்கும், பின்னாலிருந்து வரும் உங்களை அது கவனிக்கும் வாய்ப்பும் குறைவு.

தலைக்கு மேல் கோலை ஓங்கும் வீச்சு இங்கே உதவாது. பக்க வீச்சில் கோல் தண்ணீருக்கு இணையாக, இடுப்புயரத்தில் முன்னும் பின்னும் போகும். நரம்பு கிளைகளுக்குக் கீழே, நீருக்கு மேலே உள்ள இடைவெளியிலேயே பறக்கும். மணிக்கட்டு அசைவு சிறிதாக இருக்கட்டும். முன்னால் சட்டென்று நிறுத்துங்கள், அந்த நிறுத்தம்தான் நரம்பை விரிக்கிறது. கையை இழுத்துக்கொண்டே போனால் நரம்பு வட்டமாகச் சுழன்று எதிர்க்கரைப் புதரில் விழும்.

பின்னால் இடமே இல்லாத இடத்துக்கு வில் வீச்சு. முள்ளின் கூர்முனை விரலுக்கு வெளியே இருக்கும்படி வளைவைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடியுங்கள். முதல் சில நாட்கள் முள்ளை விட்டுவிட்டு, அதற்கு ஒரு சாண் மேலே டிப்பெட்டைப் பிடிப்பது பாதுகாப்பு. கோலின் நுனியை இலக்குக்கு நேராக நீட்டி, பிடித்த கையைப் பின்னால் இழுங்கள். நுனி அரை மீட்டர் வளைந்தால் போதும். கோல் கையை அசைக்காமல் விரலை விடுங்கள், வளைந்த கோல் நிமிர்ந்து நரம்பை முன்னால் எறியும். இலக்கைவிட ஒரு சாண் மேலே குறிவையுங்கள். நரம்பு குட்டை நிலைக்கு வெட்டப்பட்டிருப்பதன் பலன் இங்கே நன்றாகத் தெரியும். கோலும் நரம்பும் கிட்டத்தட்ட ஒரே நீளம் என்பதால் கெபாரி இயல்பாகவே கையில் வந்து நிற்கும். 340க்கு வெட்டிய நரம்பு என்றால் அதைச் சுருட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும், விடும்போது சுருள் சிக்கும்.

வீசும் வரிசையும் உண்டு. அருகிலுள்ள இடத்தில் முதலில், தூரம் பிறகு. நேராகத் தூரத்துக்கு வீசினால் நரம்பு அருகிலுள்ள மீனின் தலைக்கு மேல் விழும். அது மேல்நோக்கிப் பாயும், அதோடு மற்றவையும் ஒளியும். சின்ன ஓடையில் ஓரிடத்தில் இரண்டு மூன்று வீச்சுக்கு மேல் தேவையில்லை. இருக்கும் மீன் பெரும்பாலும் முதல் நல்ல வீச்சிலேயே வரும்.

மீன் கடித்ததும்

உள்ளுணர்வு கோலை மேலே தூக்கச் சொல்லும். புதர் ஓடையில் அதைப் பழக்கத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும். கடி தவறினால், மேலே தூக்கிய வேகத்தில் கெபாரி நேராகக் கிளைக்குப் போகும். மணிக்கட்டைப் பக்கவாட்டில், கீழ்நீர்ப் பக்கமாக, ஒரு கை அகலத்துக்கு மட்டும் இழுங்கள். நரம்பு ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருக்கிறது, முள் பதிய அது போதும்.

குட்டை நிலையில் மீனைக் கைக்குக் கொண்டுவருவது எளிது. கோலைப் பக்கவாட்டில் பின்னால் சாய்த்தால் நரம்பு கைக்கு எட்டும். நீள நிலையில்தான் கவனம் வேண்டும். நரம்பு கோலைவிட 80 செ.மீ. குட்டை. நீங்கள் கோலைச் செங்குத்தாக்கினால் மீன் தலைக்கு மேல் தொங்கும். ஆகவே கோலைத் தாழ்த்தியே வைத்து, கைப்பிடியை முதுகுப்பக்கம் நகர்த்தி, பிடியைக் கோலின் அடிக்குழல்களில் முன்னோக்கி மாற்றிக்கொண்டே போங்கள், நரம்பு கைக்கு வரும்வரை. கையில் பிடிப்பது தடித்த குழல்களாக மட்டும் இருக்கட்டும். கோலைச் செங்குத்துக்கு அப்பால் பின்னால் சாய்த்து மீனை இழுப்பது நுனிக்கு எமன். முழுப் பாரமும் மிக மெல்லிய கடைசிக் குழலில் விழுந்துவிடும்.

மீனைத் திருப்பி விடுவதானால், முள்ளின் கூர்முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நீட்டியிருக்கும் சிறு கொக்கியை முன்பே இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். கையை நனைத்த பிறகு தொடுங்கள். காய்ந்த கை அதன் உடலின் வழவழப்பான காப்பை உரித்துவிடும். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிய நாளில் ட்ரவுட் ஓடைக்குப் போகாமலிருப்பது நல்லது. அந்த வெப்பத்தில் பிராணவாயு குறைவு, விடுவித்த மீனும் பிழைக்காமல் போகலாம்.

கிளையில் சிக்கினால்

சிக்கும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிக்கும். அதன் பிறகு செய்வதில்தான் கோல் பிழைப்பதும் உடைவதும் இருக்கிறது. கோலை ஆட்டி உலுக்காதீர்கள், வளைத்து இழுக்காதீர்கள். முதலில் நரம்பைத் தளர்த்தி ஒரு சிறு சொடுக்குக் கொடுங்கள். பல நேரம் கெபாரி இலையில் தொற்றியிருக்கும், அவ்வளவுதான். வராவிட்டால் கோலைச் சிக்கிய இடத்துக்கு நேராக நீட்டி, அடியிலிருந்து ஒவ்வொரு குழலாக உள்ளே தள்ளிக்கொண்டே முன்னால் போங்கள். நரம்பு கைக்கு வந்ததும் அதை ஒரு குச்சியில் இரண்டு சுற்றுச் சுற்றி, கோலில் துளியும் பாரம் விழாமல் நேராக இழுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். டிப்பெட் அறுந்தால் போவது ஒரு கெபாரி. அறுந்த இழை கிளையில் கிடந்தால் எடுத்துவிடுங்கள், பறவைகளின் காலில் அது சுற்றிக்கொள்ளும்.

புதருக்குள் நடக்கும்போது கோலின் நுனி பின்னால் இருக்கட்டும். முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தால், தடுக்கும் முதல் கொப்பில் அது குத்தி முறியும். இருபது அடி தூரத்துக்கு மேல் புதர் அடர்ந்திருந்தால் முழுதும் மடக்கிவிடுவதே நல்லது. மடக்குவது தடித்த குழலிலிருந்து, நீட்டுவது நுனியிலிருந்து. இந்த வரிசை மாறக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு

ஜூம் கோலுக்குச் சாதாரணக் கோலைவிடச் சுத்தம் அதிகம் தேவை, ஏனென்றால் அதன் அடிப்பொருத்துகள் நாள் முழுக்க நகர்கின்றன. ஒரு மணல் துகள் உள்ளே போனால் ஒவ்வொரு நகர்விலும் சுவரைக் கீறும், அல்லது குழல் இறுகி வராமல் போகும். கைப்பிடியின் அடியிலுள்ள மூடியைத் திருகிக் கழற்றி, குழல்களை வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, தனித்தனியாக நிழலில் காயவையுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் பூச்சு உப்பி, குழல்கள் ஒட்டிக்கொள்ளும்.

இறுகிப்போன பொருத்துக்குப் பலம் மருந்தல்ல. இரண்டு ரப்பர்த் துண்டுகளால் பொருத்தின் இருபுறமும் பிடித்து, நேராகத் தள்ளுங்கள். நசுங்கும்படி அழுத்திப் பிடிக்க வேண்டாம். அப்படியும் வராவிட்டால் அடிமூடியைக் கழற்றி, மற்ற குழல்களை எடுத்துவிட்டு, சிக்கிய இரண்டையும் செங்குத்தாகப் பிடித்து, சமமான மரப்பலகையில் உள்குழலின் மேல்முனை படும்படி மெல்லத் தட்டுங்கள். உள்குழல் தானாகவே இறங்கிவிடும்.

உடைவது பெரும்பாலும் நுனியிலிருந்து முதல் மூன்று குழல்கள்தான். அவை தனியாகக் கிடைக்கும். அந்தக் கோலின் மாதிரிப் பெயரைச் சொல்லித் தயாரிப்பாளரிடமே வாங்க வேண்டும், வேறு கோலின் குழல் கண்ணுக்குப் பொருந்தினாலும் பூட்டாது. அடிமூடியைத் திறந்து பழையதை எடுத்து, புதியதை அடிவழியாக உள்ளே விட்டு, மூடியைத் திருகினால் வேலை முடிந்தது. கோல் வாங்கும் நாளிலேயே ஒரு நுனிக்குழலைச் சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டால், தூண்டில் காலத்தின் நடுவில் காத்திருக்க வேண்டியதில்லை.